வேடம் கலைந்தபின் எஞ்சுவது: பாத்திரமேற்று நடித்தல் எதைக் கற்பிக்கிறது?

பிளேட்டோ அஞ்சியதும் அரிஸ்டாட்டில் வரவேற்றதும் ஒன்றையேதான். சிறுவயதில் தொடங்கி நெடுநாள் தொடரும் போலச்செய்தல், உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் படிந்து இயல்பாகவே ஆகிவிடும் என்று 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் பிளேட்டோ கவலைப்பட்டார். நாட்டைக் காக்க வேண்டியவர்கள் கோழையாகவோ குடிகாரனாகவோ நடித்துப் பார்ப்பதையும் அதனால் விலக்கினார். அவருடைய மாணவரோ, போலச்செய்தல் மனிதரிடம் குழந்தைப் பருவம் முதலே இருக்கிறது, நம் முதல் பாடங்களை அதன்வழியேதான் கற்கிறோம் என்று 'கவிதையியல்' நூலில் எழுதினார். தீர்ப்பில் வேறுபட்ட இருவரும் ஓர் ஊகத்தில் ஒன்றுபட்டார்கள்: வேறொருவராக நடிப்பது நடிப்பவரிடம் எதையோ செய்துவிடுகிறது.

அந்த 'எதையோ' என்பதுதான் இன்றும் தீராத கேள்வி. தொடக்கப்பள்ளியில் கடைக்காரராகவும் வாடிக்கையாளராகவும் நிற்கும் பிள்ளைகள், மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பவரிடம் துயரச் செய்தி சொல்லிப் பழகும் மாணவர், விமானி அறை மாதிரியில் அமர்ந்து நெருக்கடியைச் சமாளிக்கும் குழுவினர், கோபக்கார வாடிக்கையாளரை எதிர்கொள்ளப் பயிலும் வங்கி ஊழியர் என எல்லாருக்கும் ஒரே முறை கையாளப்படுகிறது. ஒரே முறை என்பதால் ஒரே பயனும் கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அந்த எண்ணம் நிற்பதாகத் தெரியவில்லை.

பெயரும் பொருளும்

ஆசிரியர் பயிற்சி வட்டாரத்தில் 'பாத்திரமேற்று நடித்தல்' என்பது வழக்கு. நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் 'ரோல் ப்ளே' என்றே சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் 'ரோல்' என்பதற்கு 'வகிபாகம்', 'வகிபங்கு' என்ற சொற்கள் உண்டு. அந்த 'ரோல்' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. நடிகர் பேச வேண்டிய வசனம் மட்டும் எழுதப்பட்ட தாள்சுருளை அது குறித்தது. பயிற்சியில் வரும் பாத்திரமேற்றலுக்கு அந்தச் சுருள் கிடையாது. சூழல் தரப்படும், யார் யாராக நிற்க வேண்டும் என்பது தரப்படும், பேச்சு தரப்படாது. ஆண்டுவிழா நாடகத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான். மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பித்துவிட்டு அதைப் பாத்திரமேற்று நடித்தல் என்று பாடக்குறிப்பில் எழுதுவது பரவலாக உள்ள பிழை. ஆய்வு முடிவுகளைப் பொருத்திப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது.

முறை பழையது, பெயர்தான் புதியது. ரோமானிய நாவன்மைப் பள்ளிகளில் மாணவர்கள் கற்பனை வழக்குகளில் ஒரு தரப்பாக நின்று வாதிட்டார்கள். லண்டனின் சட்டப் பயிலகங்களில் இடைக்காலத்திலேயே மாதிரி வழக்காடல் இருந்தது. 1824-இல் பிரஷ்யப் படையின் தலைமைப் பணியகத் தலைவர் முஃப்லிங், ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி செம்மைப்படுத்திய போர் விளையாட்டைப் பார்த்துவிட்டுப் படைப் பயிற்சிக்கு அதைப் பரிந்துரைத்தார். இந்தியப் பள்ளிகளில் 1960-களின் நடுவிலிருந்து நடந்துவரும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

விளையாட்டிலிருந்து தொடங்கியவர்கள்

மணலில் வீடு கட்டி, மண்ணைச் சோறாக்கிப் பரிமாறும் சிறுமியரைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். சிற்றிலும் சிறுசோறும் பிள்ளைத்தமிழில் பருவங்களாகவே நிலைபெற்றவை. கிராமத்துக் கூட்டாஞ்சோறும் சொப்புச் சாமானும் அதன் தொடர்ச்சி. இந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்குதானா, வளர்ச்சியின் கருவியா என்பது இருபதாம் நூற்றாண்டு உளவியலின் முக்கிய விவாதங்களில் ஒன்று.

பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பிறராக நடித்தே குழந்தை கற்கிறது, 'நான்' என்ற உணர்வும் அங்கிருந்தே பிறக்கிறது என்றார் அமெரிக்க மெய்யியலாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். அவருடைய வகுப்புரைகள் அவர் மறைவுக்குப்பின் 1934-இல் நூலாயின. ஏறக்குறைய அதே காலத்தில், 1933-இல் ஆற்றிய உரையில், ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். அக்கா தங்கை இருவர் 'அக்கா தங்கை' விளையாட்டு ஆடுவதைப் பற்றிய பழைய குறிப்பை அவர் எடுத்துக்கொண்டார். அன்றாடம் அவர்கள் எண்ணிப் பார்க்காமலே அக்காவாகவும் தங்கையாகவும் இருக்கிறார்கள். விளையாடும்போதோ, அக்கா எப்படி நடந்துகொள்வாள் என்ற விதி கண்முன் வந்து நிற்கிறது. ஆக, கற்பனை விளையாட்டு கட்டற்றது என்ற பொதுக்கருத்து தவறு. வேடத்துக்குள் இருக்கும் விதிக்குக் குழந்தை தானே விரும்பிக் கட்டுப்படுகிறது. அந்நேரத்தில் அது தன் வயதை மீறி உயர்ந்து நிற்கிறது என்பது அவர் முடிவு.

அழகான கோட்பாடு. அதற்குரிய சான்று அதே அளவு உறுதியாக இல்லை. 2013-இல் ஏஞ்சலின் லில்லார்டும் உடனாய்வாளர்களும் பாவனை விளையாட்டு பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தார்கள். படைப்பாற்றல், அறிவுத்திறன், தன்னடக்கம் ஆகியவற்றுக்கு அந்த விளையாட்டே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். மொழி, கதைசொல்லல் போன்றவற்றில் தொடர்பு இருக்கக்கூடும். ஆனால் எது காரணம், எது விளைவு என்பது பிரித்தறியப்படவில்லை. விளையாட்டு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அதன் பெயரால் தரப்படும் உறுதிமொழிகள் ஆதாரத்தை முந்திவிட்டன என்பதே செய்தி.

வகுப்பறை நாடகத்தின் கணக்கு இதைவிடத் தெளிவானது. ஆன் போட்லோஸ்னி 2000-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 80 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கதையைப் படித்ததோடு நிறுத்தாமல் நடித்தும் பார்த்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். நடிக்காத புதிய கதைகளுக்கும் அந்தப் பயன் ஓரளவு நீண்டது. ஆனால் குறைந்த அளவில்தான்.

மொரேனோவும் அவருக்குப் பின்னும்

பெரியவர்களின் பயிற்சிக்கு இம்முறையைக் கொண்டுவந்தவர்களில் முதலில் நிற்பவர் ஜேக்கப் லெவி மொரேனோ. 1889-இல் புக்கரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, அங்கேயே 1920-களின் தொடக்கத்தில் முன்தயாரிப்பற்ற நாடகங்களை நடத்தியவர். 1925-இல் அமெரிக்கா சென்று உளநாடகம் என்ற சிகிச்சைமுறையை வளர்த்தார். மேடையில் சாந்தமான பெண்ணாகவே தோன்றிவந்த நடிகை ஒருவர் வீட்டில் ஓயாமல் சீறினார் என்றும், முரட்டு வேடங்களை மேடையில் ஏற்க வைத்ததும் வீட்டில் அமைதியானார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். உளநாடகம் இங்குதான் தொடங்கியது என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் இதற்குள்ள சான்று பெரும்பாலும் மொரேனோவின் சொந்த விவரிப்பே என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிளேட்டோ சொன்னதற்கு நேர் எதிரான முடிவு இது என்பதும் கவனிக்கத்தக்கது: முரடாக நடித்தால் முரடு படியும் என்றார் அவர், முரடு வடியும் என்றார் இவர்.

உளவியலாளர் கர்ட் லூயினின் வழிவந்தவர்கள் 1947-இல் அமெரிக்காவின் பெத்தல் என்ற சிற்றூரில் நடத்தத் தொடங்கிய பயிற்சி முகாம்கள் வழியாக இம்முறை தொழிற்சாலை, நிர்வாகம், ஆசிரியப் பயிற்சி எனப் பரவியது. பிறகு சோதனைகளும் வந்தன. தான் ஏற்காத கருத்துக்காகத் தன் சொற்களில் பேச வைக்கப்பட்டவர்கள், அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களைவிட அதிகம் மனம் மாறினார்கள் என்று இர்விங் ஜேனிஸும் பெர்ட் கிங்கும் 1954-இல் காட்டினார்கள். 1965-இல் ஜேனிஸும் லியோன் மேனும் புகைபிடிக்கும் இளம் பெண்கள் சிலரை, நுரையீரல் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் சொல்லக் கேட்கும் நோயாளியாக நடிக்க வைத்தார்கள். இன்னொரு குழு அந்த உரையாடலின் ஒலிப்பதிவை மட்டும் கேட்டது. நடித்தவர்களே புகைப்பதை அதிகம் குறைத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்தும் வேறுபாடு தெரிந்தது. வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் கலந்துகொண்டவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. ஏன் மாறினார்கள் என்பதிலும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. சொல்லுக்கும் எண்ணத்துக்கும் உள்ள முரண் தந்த உறுத்தல் என்றது லியோன் ஃபெஸ்டிங்கரின் வழி. தன் செயலைப் பார்த்தே தன் கருத்தை மனிதர் ஊகிக்கிறார் என்றார் டேரில் பெம். அச்சமே போதுமான காரணம் என்று சொல்லவும் இடமுண்டு.

திறனுக்கான ஒத்திகை

வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் ஹோவர்ட் பாரோஸ், உடல்நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பயிற்றுவித்து மாணவர்முன் அமர்த்தினார். 1964-இல் ஸ்டீஃபன் ஆபிரகாம்சனுடன் சேர்ந்து அதைக் கட்டுரையாக்கினார். நோயாளியை நடிப்புக்கு உரியவராக்குவதா என்ற எதிர்ப்பு அன்று எழுந்தது. அவருடைய காரணம் எளியது. உண்மை நோயாளி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரி இருக்கமாட்டார். மாணவர் முரட்டுத்தனமாகத் தொட்டதை வெளியே சொல்லவும் மாட்டார். நடிக்கும் நோயாளி சொல்வார். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் விவரித்த, நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் செயல்முறைத் தேர்வு, இதை உலகெங்கும் மருத்துவக் கல்வியின் பகுதியாக்கியது. இந்தியாவிலும் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

விமானத்துறையின் கதை இன்னும் கனமானது. 1977 மார்ச் 27-இல் டெனெரிஃபே தீவின் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் இருக்கிறதோ என்று பொறியாளர் எழுப்பிய ஐயம் தலைமை விமானியிடம் எடுபடவில்லை. அங்கே குறை விமானம் ஓட்டும் திறனில் இல்லை. மேலதிகாரியிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்வதற்கும், சொன்னதைக் கேட்பதற்கும் பழக்கம் இல்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்குக்குப்பின் வளர்ந்த விமானக்குழுப் பயிற்சி, மாதிரி விமானி அறையில் முழுப் பயணத்தையும் நடித்துப் பார்ப்பதை மையமாக்கியது. 1989 ஜூலையில் கட்டுப்பாட்டு அமைப்புகள் முற்றாகச் செயலிழந்த யுனைடெட் விமானம் சூ சிட்டியில் மோதித் தரையிறங்கியபோது, 296 பேரில் 184 பேர் உயிர்பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பது தலைமை விமானி ஆல் ஹேன்ஸின் கருத்து.

ஒரு நிகழ்வு சான்றாகிவிடாது. விமானக்குழுப் பயிற்சி பற்றி எட்வர்டோ சலாஸும் உடனாய்வாளர்களும் 2001-இல் 58 ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அது பிடித்திருந்தது, கற்றலும் நடத்தையும் பொதுவாக மேம்பட்டன; பாதுகாப்பு எவ்வளவு கூடியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறர் செய்வதைப் பார்த்து, தானும் நடித்துப் பழகும் பயிற்சிகளைப் பற்றி பால் டெய்லர் குழுவினர் 2005-இல் செய்த தொகுப்பாய்விலும் (117 ஆய்வுகள்) இதே சரிவு: வகுப்பில் கற்றது அதிகம், வேலையிடத்தில் நடத்தை மாற்றம் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த ஆய்வு பயனுள்ள சிலவற்றையும் காட்டியது. சரியான நடத்தையோடு தவறானதையும் காட்டியபோது, பயிற்சி பெறுபவர்களே தம் வேலையிலிருந்து சூழல்களை உருவாக்கியபோது, அவர்களுடைய மேலதிகாரிகளும் அதே பயிற்சியைப் பெற்றபோது, கற்றது வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. இவற்றில் மூன்றாவதுதான் நம் அலுவலகங்களில் அரிதிலும் அரிது. கடைநிலை ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அதிகாரிகள் விலகி நின்றால், நடித்துப் பழகிய நல்ல பேச்சு எங்கே செல்லும்?

பிறர் செருப்பில் கால் நுழைத்தல்

பாத்திரமேற்றலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெருமை, அது பிறர் வலியை உணர்த்தும் என்பது. எனக்குப் பெரும் தயக்கம் இங்கேதான்.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, ஐயோவா மாநிலத்தின் ரைஸ்வில் பள்ளியில் ஆசிரியை ஜேன் எலியட் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்தினார். அடுத்து மாற்றிப் போட்டார். உலகறிந்த பாடம் அது. பிற்காலத்தில் கல்லூரி மாணவர்களிடம் இதே பயிற்சியை ஆய்ந்த டிரேசி ஸ்டூவர்ட் குழுவினர் 2003-இல் மனப்பாங்கில் சில நல்ல மாற்றங்களைக் கண்டார்கள். கூடவே, தம் மனத்தில் பாகுபாடான எண்ணம் தோன்றும்போது தம்மீதே கோபப்படும் போக்கையும் கண்டார்கள். அந்தக் கோபம் மனிதரை நெருங்க வைக்குமா, விலக வைக்குமா என்பது தெரியவில்லை.

மாற்றுத்திறன் பயிற்சிகளில் விளைவு இன்னும் கவலைக்குரியது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சக்கர நாற்காலியில் ஒரு மணிநேரம் இருப்பது என்பன விழிப்புணர்வு நாட்களில் வழக்கமாகிவிட்டன. ஏரியல் சில்வர்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டி நடந்தவர்கள் பார்வையற்றோரால் தனித்து வாழவும் வேலை செய்யவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாக நம்பினார்கள். மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழுவினரின் 2017 ஆய்வில் பரிவு கூடியது. பயமும் கையறு நிலையும் சேர்ந்தே கூடின. காரணம் புரியாததல்ல. கண்ணைக் கட்டிய முதல் மணிநேரம் பார்வை இழந்த முதல் மணிநேரத்தைத்தான் காட்டும். இருபது ஆண்டுகள் வெண்கோலுடன் நடந்து ஊரையே அறிந்தவரின் திறனை அது காட்டாது.

தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 2018-இல் 25 சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது அவர்கள் நினைப்பதைச் சரியாக ஊகிக்க உதவவில்லை. அவர்களிடமே கேட்பது உதவியது. மணிக்கணக்கில் வேடம் போடுவதைவிட நேரடியாக ஒரு கேள்வி கேட்பது கூடுதலாக அறியத் தரலாம் என்றால், பரிவுப் பயிற்சிகளின் அடிப்படையையே மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வாய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டுச் சூழலில் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பார்வையாளர் எழுந்து வரும் மேடை

இன்னொரு மரபு உணர்வில் அமிழ்வதைக் குறியாகக் கொள்ளவில்லை. பிரேசிலின் அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய மன்ற அரங்கில், ஒடுக்கப்படும் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர் 'நிறுத்து' என்று எழுந்து வந்து, அந்தப் பாத்திரத்தை ஏற்று வேறுவழி முயன்று பார்க்கலாம். இங்கே மனிதர் நடிப்பது பெரும்பாலும் தம் வாழ்வையே. பிறரைப் பற்றிய தவறான ஊகத்துக்கு இடம் குறைவு. வங்காளத்தில் 1985-இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்ற அரங்கக் குழு இதை இந்தியக் கிராமங்களில் வேரூன்ற வைத்தது. தமிழகத்தில் அறிவொளி இயக்கக் காலத்துக் கலைஜாதாக்களை இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. ஆனால் அவற்றில் நடித்தவர்கள் கலைஞர்களும் தொண்டர்களும், பார்த்தவர்கள் மக்கள். இரண்டின் வழியும் வேறு.

ஆங்கிலேயக் கல்வியாளர் டொரதி ஹீத்கோட் ஆசிரியரையே வேடமேற்க வைத்தார். எல்லாம் அறிந்தவர் என்ற இடத்திலிருந்து இறங்கி, உதவி தேடி வந்தவராக ஆசிரியர் நிற்பார்; பிள்ளைகள் வல்லுநர்களாக அவருக்குப் பதில் தேடுவார்கள். இதன் பயனை எண்ணிக்கையில் காட்டும் ஆய்வுகள் குறைவு. அவர் முறைக்கு அவரளவு தேர்ந்த ஆசிரியர் வேண்டும் என்ற குறையும் சொல்லப்படுகிறது.

நடிப்புக்குப் பின்வரும் பேச்சு

எல்லாத் தரப்பும் ஏறத்தாழ ஒப்புக்கொள்வது ஒன்று: முடிந்தபின் உட்கார்ந்து பேச வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து நம்மோடும் பேசுவான். பயிற்சியில் அந்த வேலை இந்தப் பின்னுரையாடலுடையது. ஸ்காட் டானன்பாமும் கிறிஸ்டோபர் செராசோலியும் 2013-இல் செய்த தொகுப்பாய்வில், முறையான பின்னுரையாடல் செயல்திறனைச் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் உயர்த்தியது. அது எல்லா வகைப் பணிகளுக்குமான கணக்கு, பாத்திரமேற்றலுக்கு மட்டும் உரியதல்ல. அதனாலேயே ஓர் ஐயமும் எழுகிறது: பயன் நடிப்பில் விளைந்ததா, பேச்சில் விளைந்ததா? பெரும்பாலான ஆய்வுகள் இரண்டையும் சேர்த்தே தருகின்றன, பிரித்துப் பார்த்தவை சில.

இன்னும் திறந்திருப்பவை

திறனை, குறிப்பாகக் கடினமான பேச்சைப் பேசும் திறனை, நடித்துப் பழகலாம் என்பதற்குச் சான்று ஓரளவு உறுதி. கருத்து மாறும் என்பதற்குச் சான்று உண்டு, விளக்கம் உறுதியில்லை. பிறரை அறிவோம் என்பதற்கான சான்றே எல்லாவற்றிலும் மெலிந்தது. சில வேளை எதிராகவும் நிற்கிறது. பாடத்திட்டங்களோ மூன்றையும் ஒரே வரியில் வாக்களிக்கின்றன.

மதிப்பீட்டிலும் தெளிவு வரவில்லை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் 2004-இல் சேர்க்கப்பட்ட நடிப்பு நோயாளித் தேர்வு, பெருந்தொற்றால் நின்று, 2021 ஜனவரியில் முற்றாகக் கைவிடப்பட்டது. பெரும்பாலோர் தேர்ச்சி பெறும் தேர்வுக்கு இவ்வளவு செலவா என்பது அதன்மீது நெடுநாள் இருந்த விமர்சனம். பயிற்றுவிக்க உகந்த முறை தரம்பிரிக்கவும் உகந்ததா என்பது தனிக் கேள்வி.

நம் வகுப்பறைகளுக்கு இன்னொன்று உண்டு, அதைப் பற்றிப் போதிய ஆய்வு என் கண்ணில் படவில்லை. வேடங்களை யார் பங்கிடுகிறார்கள்? மாவட்ட ஆட்சியர் யார், தூய்மைப் பணியாளர் யார் என்பதை ஆசிரியர் ஒரு நொடியில் முடிவு செய்கிறார். அந்த நொடியில் சாதியும் நிறமும் ஆண்-பெண் வேறுபாடும் உள்ளே வந்துவிடலாம். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்து பிலிப் ஜிம்பார்டோ நடத்திய, ஆறே நாளில் நிறுத்தப்பட்ட சிறைச் சோதனை வேடத்தின் வலிமைக்குச் சான்றாக நெடுநாள் சொல்லப்பட்டது. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே குறிப்புகள் தரப்பட்டதை ஆவணங்களிலிருந்து திபோ லெ டெக்ஸியே 2019-இல் எடுத்துக்காட்டியபின் அந்தச் சான்று ஆட்டங்கண்டிருக்கிறது. வேடத்தைவிட, வேடம் தந்தவரின் கை வலிது என்று அதைப் படிக்கலாம். பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் ஒரே வகை வேடமே வந்துகொண்டிருந்தால் அதனிடம் எது படியும் என்பது பிளேட்டோவின் பழைய கேள்விதான். அதை அளந்து பார்க்க, ஒரு பள்ளியில் ஓராண்டு வேடப் பட்டியலையும் பிள்ளைகளின் பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.